வைகுண்டத்து வீட்டுக் குழுவில் ஒரு மழைக் கணக்கு

குழு: வைகுண்டத்து வீடு 🏡

சனிக்கிழமை

நித்யா: பிரபு அண்ணா, சும்மா இருக்கிறாயா? ப்ராஜெக்டுக்கு சி.டி.ஓ போட வேண்டும், இரண்டு நாளாக உயிரை வாங்குகிறது. லேப் கணினியில் போடலாம் என்றால் அட்மின் பாஸ்வேர்டு தர மாட்டேன் என்கிறார்கள். என் லேப்டாப்பில் போட்டால் போட்ட மாதிரியும் இருக்கிறது, போடாத மாதிரியும் இருக்கிறது.

பிரபு: இதைத் தனியாகக் கேட்டிருக்கலாமே 😀

நித்யா: தனியாகக் கேட்டால் நீ பதில் போட ஆறு மாதம் ஆகும். இங்கே என்றால் பெரியப்பா பார்க்கிறார்.

சித்தப்பா: ஆர்.டி.ஓ தெரியும், வி.ஏ.ஓ தெரியும். இது எந்த ஆபீஸ்?

நித்யா: ஆபீஸ் இல்லை சித்தப்பா, கிளைமேட் டேட்டா ஆபரேட்டர்ஸ். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கிற மாக்ஸ் பிளாங்க் வானிலை நிறுவனத்தில் எழுதியது, இலவசம்தான். படம், பட்டன் ஒன்றும் கிடையாது, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் நூறு வருட மழையையும் கூட்டிக் கழித்துத் தந்துவிடும். என் தலைப்பு தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரும் அதில் வருகிறது.

அம்மா: அந்த மழையைப் பற்றி இங்கே பேசாதே. பீரோவின் கீழ்த்தட்டில் இன்னும் சேற்று வாசம் அடிக்கிறது.

சித்தப்பா: எக்ஸெல்லில் போட்டால் ஆகாதா?

பிரபு: ஆகாது சித்தப்பா. வானிலைத் துறையின் புனே அலுவலகம் தருகிற மழைத் தரவில் இந்தியாவைக் கால் டிகிரி கால் டிகிரியாகக் கட்டம் போட்டிருப்பார்கள். 135க்கு 129 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் 365 நாள், பெருக்கிப் பாருங்கள், 63 லட்சத்தைத் தாண்டும். எக்ஸெல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைதான். இது ஒரே ஒரு வருடத்துக்கு. 1901இலிருந்து இருக்கிறது.

சித்தப்பா: சரி, நான் வாயைத் திறக்கவில்லை 🙏

பிரபு: நித்தி, என்ன அடித்தாய், என்ன வந்தது?

நித்யா: பைத்தான் மொழிக்கான நிரல்களை இறக்கித் தருமே பிப், அதில் பிப் இன்ஸ்டால் சி.டி.ஓ என்று அடித்தேன். சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு என்று வந்தது. அப்புறம் பைத்தானில் கூப்பிட்டால் சி.டி.ஓவைக் காணோம் என்கிறது. அழித்துவிட்டு மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் சக்ஸஸ், மூன்று தடவையும் காணோம்.

பிரபு: இதில் எல்லோரும் ஒரு தடவை விழுவார்கள், நானும் விழுந்தேன். பிப்பில் அந்தப் பெயரில் இருப்பது சி.டி.ஓ இல்லை, பைத்தானிலிருந்து சி.டி.ஓவைக் கூப்பிடுகிற சின்ன இணைப்பு மட்டும். ரிமோட் வாங்கிவிட்டாய், டிவி இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அது பாட்டுக்குச் சக்ஸஸ் என்று சொல்லும், ரிமோட் வந்தது உண்மைதானே.

கார்த்திகா: மேக் வாங்கு என்று அன்றைக்கே சொன்னேன். மேக்கில் நிரல்களை இறக்கித் தருகிற ஹோம்ப்ரூ இருந்தால் ப்ரூ இன்ஸ்டால் சி.டி.ஓ, ஒரே வரி, ஐந்து நிமிடம். உனக்காக நான் போட்டுக் காட்டுகிறேன் பார்.

நித்யா: அக்கா, மேக் வாங்கக் காசு யார் தருவார்கள்

கார்த்திகா: 🤐

பிரபு: உன்னிடம் விண்டோஸ் 11தானே? சி.டி.ஓ யூனிக்ஸ், லினக்ஸ் பக்கத்துப் பிள்ளை, விண்டோஸில் நேராக உட்காராது. சிக்வின் வழியாகப் போட ஒரு பழைய வழி உண்டு, அந்தச் சள்ளை வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு என்கிற ஒரு லினக்ஸை ஏற்றிவிடலாம், அந்த வசதிக்கு டபிள்யூ.எஸ்.எல் என்று பெயர். ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல், அதில் ரைட் கிளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். அடிக்க வேண்டிய வரியைப் படமாக அனுப்புகிறேன், தமிழ் கீபோர்டில் அடித்தால் புள்ளி கோடெல்லாம் மாறிப் போகிறது. முடிந்ததும் ரீஸ்டார்ட்.

[பிரபு ஒரு படம் அனுப்பினார்]

அம்மா: யார் என் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்தது? இன்றைய டேட்டாவில் பாதி போய்விட்டது என்று மெசேஜ் வருகிறது.

நித்யா: ஒரு பத்து நிமிடம் அம்மா

நித்யா: அண்ணா, ரீஸ்டார்ட் செய்தேன். சிவப்பில் பெரிய எரர். கடைசியில் 80370102.

பிரபு: ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட விடுகிற விர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சி.பி.யு, கீழே பார். டிஸேபிள்டு என்று இருக்கும்.

நித்யா: ஆமாம்

பிரபு: விண்டோஸ் எழும்பும் முன் வருகிற அமைப்புத் திரை, அந்தப் பயாஸுக்குள் போய் அதை எனேபிள் செய்ய வேண்டும். ஆன் செய்தவுடன் எஃப் 2வையோ எஃப் 10ஐயோ தட்டிக்கொண்டே இரு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்டெல் சிப் என்றால் வி.டி எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் என்றே எழுதியிருக்கும், ஏ.எம்.டி என்றால் எஸ்.வி.எம். அது ஒன்றை மட்டும் மாற்றி சேவ் செய்துவிட்டு வெளியே வா. அங்கே வேறு எதையும் தொடாதே, அதுவும் சித்தப்பா பக்கத்தில் இருந்தால் கண்டிப்பாகத் தொடாதே.

சித்தப்பா: நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்

அம்மா: லேப்டாப்பைப் பிரித்துவிடாதே, தவணை இன்னும் நாலு பாக்கி

நித்யா: வந்துவிட்டது!! உபுண்டு என்று ஆரஞ்சு வட்டம். யூசர் நேம் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்கிறது, ஆனால் கீபோர்டு உடைந்துவிட்டது போல, ஒரு எழுத்தும் விழவில்லை.

பிரபு: கீபோர்டு நன்றாக இருக்கிறது. அங்கே புள்ளிகூடக் காட்டாது, நீ பாட்டுக்கு அடித்து என்டர் தட்டு. மறுபடி கேட்கும், அதையே அடி. அந்தப் பாஸ்வேர்டை எழுதி வை, அட்மின் உரிமைக்காகச் சுடோ என்று தொடங்குகிற வரிக்கெல்லாம் அதுதான் கேட்கும்.

பெரியப்பா: பாஸ்வேர்டைக் குழுவில் போட வேண்டாம் எம்மா நித்யா.

பிரபு: உபுண்டுவில் நிரல்கள் கிடைக்கிற கடைக்கு ஆப்ட் என்று பெயர். அடுத்து ஆப்ட் அப்டேட், அது முடிந்த பிறகு ஆப்ட் இன்ஸ்டால் சி.டி.ஓ, இரண்டுக்கும் முன்னால் சுடோ. அப்டேட் செய்யாமல் நேராக இன்ஸ்டாலுக்குப் போனால் அப்படி ஒரு பொருளே கடையில் இல்லை என்கும், கடைப் பட்டியலையே அது இன்னும் வாங்கியிருக்காது.

நித்யா: நேராகப் போய்விட்டேன். இல்லை என்றது 😅 இப்போது அப்டேட் ஓடுகிறது.

கார்த்திகா: யாராவது இருக்கிறீர்களா. ப்ரூ, கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்கிறதே.

நித்யா: 😂😂😂 ஐந்து நிமிடம் முடிந்து அரை மணி நேரம் ஆகிறது அக்கா

பிரபு: ஹோம்ப்ரூ போட்டு முடித்ததும் கடைசியில் நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ் என்று இரண்டு மூன்று வரி காட்டியிருக்கும், அதை நகலெடுத்து ஓட்ட வேண்டும். எம் வரிசைச் சிப் இருக்கிற மேக்கில் ஹோம்ப்ரூ ஆப்ட் (opt, உபுண்டுவின் apt இல்லை) என்கிற ஃபோல்டருக்குள் போய் உட்காரும், பழைய இன்டெல் மேக்கில் யூஸர் லோக்கல். புது இடம் டெர்மினலுக்குத் தெரியாது, டெர்மினல் தேடுகிற இடங்களின் பட்டியலான பாத்தில் நாம்தான் சொல்ல வேண்டும்.

கார்த்திகா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

கார்த்திகா: சரி, வந்துவிட்டது. வரி ஒன்றுதான், அதற்கு முன்னால் கமாண்ட் லைன் டூல்ஸ் என்று ஏதோ இறங்கியதில்தான் நேரம் போனது.

பிரபு: என் உபுண்டுவில் எத்தனை நிமிடம் என்று நான் சொல்ல மாட்டேன், அடிக்க வருவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை

நித்யா: சி.டி.ஓ வேலை செய்கிறது, வெர்ஷன் காட்டுகிறது. ஆனால் 2023 கோப்பை டெஸ்க்டாப்பில்தான் வைத்திருக்கிறேன், அப்படி ஒன்றே இல்லை என்று சாதிக்கிறது.

பிரபு: டெஸ்க்டாப் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் போயிருக்கும், நிறைய லேப்டாப்பில் அப்படித்தான் இருக்கிறது. ஃபோல்டர் பெயரில் இடைவெளி வேறு விட்டிருப்பாய்.

நித்யா: மழை டேட்டா புதுசு என்று வைத்தேன்

பிரபு: லினக்ஸ் அதை மூன்று தனிப் பெயராகப் படிக்கும். மேற்கோள் குறிக்குள் போட்டால் ஓடும், ஆனால் உபுண்டுவின் சொந்த ஹோம் ஃபோல்டரில் மழை என்று ஒரு ஃபோல்டர் திறந்து கோப்பை அங்கே போட்டுவிடுவதே நல்லது. விண்டோஸ் பக்கத்தில் கிடக்கிற கோப்பை உபுண்டுவிலிருந்து படிப்பது மெதுவாக இருக்கும், நூற்றுச் சொச்சம் வருடத்தை ஓட்டும்போது தெரியும். இனிமேலும் தகராறு செய்தால் கூகுள் கோலாபில் போட்டுக்கொள், அதுவும் உள்ளே உபுண்டுதான், ப்ரௌசர் இருந்தால் போதும். என்ன, இணைப்பு அறுந்து நேரமாகிவிட்டால் போட்டதெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். உனக்கு அம்மா ஹாட்ஸ்பாட் வேறு.

நித்யா: வேண்டாம், நகர்த்திவிட்டேன், ஓடுகிறது!! 10, 11, 12ஆம் மாதங்களைத் தனியாக எடுத்தாயிற்று. காயல்பட்டினத்துக்குப் பக்கத்துப் புள்ளி, அட்சரேகை 8.5, தீர்க்கரேகை 78.

நித்யா: அண்ணா, ஏதோ தப்பு. டிசம்பர் 17ஆம் தேதியில் பெரிதாக மழையே இல்லை. அன்றைக்குத்தானே நாம் மாடியில் ஏறி உட்கார்ந்தோம்?

பிரபு: ரிமோட்டும் டிவியும் சரியாக இருக்கிறதே... வேறு புள்ளியை எடுத்துவிட்டாயோ? கார்த்திகா, நீயும் மேக்கில் அதே வரியை ஓட்டிப் பார்.

கார்த்திகா: எனக்கும் அதே எண்தான் வருகிறது

பெரியப்பா: எம்மா நித்யா, 18ஆம் தேதியைப் பார். தாலுகா ஆபீஸில் மழைமானியைப் பார்த்து எழுதியவன் நான். காலை 8.30க்கு அளப்போம். முந்தைய நாள் 8.30இலிருந்து பெய்தது முழுக்க அளந்த நாளின் தேதியில்தான் ஏறும். 17ஆம் தேதி பகலும் ராத்திரியும் கொட்டியது 18ஆம் தேதிக் கணக்கு. உங்கள் கம்ப்யூட்டருக்குள் போனாலும் அந்த எண் அந்த மழைமானியிலிருந்து வந்ததுதானே.

நித்யா: பெரியப்பா!!!! 18இல் எகிறி நிற்கிறது 😳

பிரபு: இது எனக்குத் தோன்றவே இல்லை 🙏

நித்யா: ஆனால் 95 செ.மீ. இல்லையே. காயல்பட்டினத்தில் 95 என்றுதானே எல்லாச் செய்தியிலும் வந்தது?

பிரபு: 95 ஒரே ஒரு மழைமானி அளந்தது. உன் புள்ளி ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சதுரத்துக்குப் பொறுப்பு, சுற்றியிருக்கிற மழைமானிகளை எல்லாம் கலந்து போட்ட எண், அதனால் உச்சம் மழுங்கும். இதை ரிப்போர்ட்டில் ஒரு பத்தியாக எழுதிவிடு, இல்லாவிட்டால் வைவாவில் முதல் கேள்வியே இதுதான்.

பெரியப்பா: 1992 நவம்பரையும் எடுத்துப் பார். தாமிரபரணி வெள்ளம். என் பழைய நோட்டில் அந்த வாரம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன், உன் சதுரம் அதை எவ்வளவு மழுக்கியிருக்கிறது என்று பார்ப்போம்.

நித்யா: நோட்டு தண்ணீரில் போகவில்லையா?

பெரியப்பா: பரணில் இருந்தது. பெரியம்மாவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா: நித்யா, ஹாட்ஸ்பாட்டை விட்டுவிட்டுக் கீழே வா. தோசை ஆறுகிறது.