அம்புக்குறி காட்டாத புது ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக நாமே உலாவும் கணினி விளையாட்டு) ஏதாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 2002இல் வந்த மோரோவிண்டை இருபது ஆண்டுகளாக விட்டு விட்டு விளையாடி வருகிறேன். அந்த விளையாட்டில் நமக்கு வேலை கொடுக்கும் பாத்திரம், "பாலம் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு" என்று வழி மட்டும்தான் சொல்லும். மீதி நம் பாடு. பாதி நேரம் வழி தவறி, தேடாத குகையொன்றில் போய் நிற்பேன். அந்தச் சுகமே தனி.

போன மாதம் அக்கா மகனோடு ஸ்கைரிம் (2011) ஆடினேன். அழகான விளையாட்டுதான். ஆனால் திரையின் மேலே திசைகாட்டியில், போக வேண்டிய இடத்தைக் காட்டும் ஒரு குறி. அதைப் பார்த்தே நடக்கிறான். யார் எதற்காக அனுப்பினார் என்று கேட்டால் தெரியவில்லை.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. மோரோவிண்டில் வாள் எதிரியின் உடலில் பட்டது கண்ணுக்குத் தெரியும். விளையாட்டு உள்ளுக்குள் உருட்டும் பகடையோ (அடி படுமா என்ற தற்செயல் கணக்கு) படவில்லை என்று சொல்லிவிடும். அந்த எரிச்சலை அக்கா மகன் பத்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

எல்டன் ரிங் விளையாட்டில் இப்படிப்பட்ட குறிகள் குறைவுதான். ஆனால் அதன் சண்டைக்கு என் விரல்கள் ஒத்துழைப்பதில்லை. கிங்டம் கம்: டெலிவரன்ஸ் விளையாட்டின் ஹார்ட்கோர் எனும் கடின முறையில் நாம் நிற்கும் இடத்தை வரைபடம் காட்டாதாமே? ஆடியவர்கள் சொல்லுங்கள்: பதினான்கு வயதுப் பையனோடு உட்கார்ந்து ஆட ஏற்றதா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் ஓடுமா? வேறு பெயர்கள் இருந்தாலும் எழுதுங்கள்.