சிட்டிசன் ஸ்லீப்பர்: படிப்பதுதான் ஆட்டமா?

வினோ_88: 2022-ல வந்த இந்த கேம்ல திரை முழுக்க வசனம்தான், சண்டையே இல்ல. இதுல அப்படி என்ன சுவாரசியம்? போகப் போக பகடையும் குறையுதே, ஏன்?

பகடைப்பித்தன்: ஒவ்வொரு சுற்றிலும் பகடைகள் உருளும், ஒரு செயலுக்கு ஒன்றைச் செலவழிக்கணும். உங்க பாத்திரத்தின் உடல்நிலையைப் பொறுத்துத்தான் எத்தனை பகடை என்பது, அதிகபட்சம் 5. ஒவ்வொரு சுற்றிலும் உடல்நிலை தேயும். ஸ்டெபிலைசர்ங்கிற மருந்து போட்டால்தான் ஏறும். பசி முற்றினால் இன்னும் வேகமாகத் தேயும், அதனால் முதலில் சாப்பாடு. 6 விழுந்ததை ஆபத்தான வேலைக்கு வையுங்க. 1, 2-ஐ அங்கே வைத்தால் அடி விழலாம். ஹேக்கிங்கில் கேட்கும் எண் பொருந்தினாலே போதும், சின்ன எண்ணும் வீணாகாது.

நிலாவாசி: சுவாரசியமே அங்கேதான் இருக்கு. பகடை முதலில் விழுந்துவிடும், முடிவு அப்புறம். கையில் ஒரே ஒரு நல்ல பகடை: கூலி வேலைக்கா, உதவி கேட்டவருக்கா? அந்த இழுபறியோடு படிக்கும்போது வசனம் கனக்கும். வேகமாகத் தட்டித் தள்ளினால் சத்தியமா போர்தான்.

வினோ_88: டார்மென்ட் டைட்ஸ் ஆஃப் நியூமெனேராவும் இதே மாதிரியா?

பகடைப்பித்தன்: 2017 கேம் அது. அதில் வலிமை, வேகம், அறிவுன்னு மூணு வகைப் புள்ளி இருப்பு. ஒரு முயற்சிக்கு அதிலிருந்து செலவழித்தால் வெற்றி வாய்ப்பு கூடும். தோற்றாலும் முன்னாடி சேவ் செய்ததை மறுபடி திறக்காதீங்க, சில தோல்விகள் புதுக் காட்சி திறக்கும். எழுத்து மட்டும் இதைவிடப் பல மடங்கு, சில இடத்தில் வளவளதான்.