ஏசியை விடுவதா, மொட்டை மாடியில் சோலார் போடுவதா?

நிழல்தேடி:
தாம்பரம் பக்கம் தனி வீடு. 1.5 டன் ஏசி ஒன்று, இரவு 8 மணி நேரம் 22 டிகிரியில் ஓடும். பழைய சீலிங் ஃபேன் நாலு. கார்பனைக் குறைக்க ஏசியை விடு என்கிறார் ஒருவர். 3 கிலோவாட் சோலார் போடு, எதையும் விட வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எதில் ஆரம்பிப்பது?

வாட்கணக்கு:
ஃபேனில். பழையது 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நாலும் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 2.7 யூனிட் மிச்சம். ஏசியில் ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6% குறையும் என்பார்கள். இரவுக்கு 7 யூனிட் இழுத்தால், 26-க்கு ஏற்றி மிஞ்சுவது 1.6 யூனிட்தான். கூடவே ஃபேனும் சுற்றினால் 26 உறுத்தாது, இதற்குத் தியாகம் என்ற பெயரெல்லாம் ஓவர். ரெண்டும் சேர்ந்து 4.3 யூனிட், அதாவது 1 கிலோவாட் பேனல் ஒரு நாளில் தருவது. 3-க்குப் பதில் 2 கிலோவாட்டே போதும்.

கூரைமேல்:
பேனல் போடுமுன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் அளக்க வருபவருக்கு நண்பகலில் நிழலே தெரியாது, சூரியன் உச்சந்தலையில் நிற்கும். டிசம்பரில் அதே 5 அடித் தொட்டி வடக்கே 4 அடிக்கு நிழல் போடும், காலை மாலையில் இன்னும் நீளம். பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் மொத்த வரிசையின் மின்சாரத்தையே குறைக்கும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி மின்சாரத்தை விடும் பைபாஸ் டயோடு ஓரளவுதான் காப்பாற்றும். தொட்டி பேனலுக்கு வடக்கே இருக்கட்டும். இன்னொன்று: கரண்ட் போனால், மின்வாரிய லைனோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டரும் (ஆன்-கிரிட்) நின்றுவிடும். அது பழுதில்லை, கம்பியில் வேலை செய்பவருக்கான பாதுகாப்பு.

கேஸ்மெக்கானிக்:
எல்லாரும் யூனிட்டையே எண்ணுகிறீர்கள். ஏசிக்குள் இருக்கும் கேஸ்? ஆர்-410ஏ என்ற குளிர்விக்கும் கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் 2,000 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நம் கிரிட்டில் (மின் கட்டமைப்பில்) ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் அது ஏறக்குறைய 3,000 யூனிட். மேலே சொன்ன மிச்சத்தில் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் போச்சு. ஆர்-32 என்ற கேஸ் என்றால் மூன்றில் ஒரு பங்குதான், அவுட்டோர் ஸ்டிக்கரில் பாருங்கள்.

ஏசியைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் விடுபவர்கள் அதிகம். பம்ப் டவுன் கேளுங்கள்: கூலிங்கில் ஓடும்போதே மெல்லிய குழாய் வால்வை ஆலன் கீயால் மூடி, அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயையும் மூடி, உடனே ஆஃப் செய்ய வேண்டும். கேஸ் அவுட்டோரிலேயே தங்கும். வருஷாவருஷம் கேஸ் போட வேண்டியிருக்கிறதா? குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் சோப்பு நுரை தடவுங்கள், கசிந்தால் குமிழ் வரும்.

நிழல்தேடி:
ஸ்டிக்கரில் ஆர்-410ஏ. நட்டைப் பார்த்துவிட்டு ஃபேன் வாங்கப் போகிறேன்.