ஹல்ஃபாயா கணவாயில் ஒரு காய்

குழு: உறையூர் வீடு
ஞாயிற்றுக்கிழமை

[காலை 6:41] சின்ன மாமா: முதல் சுற்று ஜெயிச்சாச்சு. நாலரை மணி நேரம் ஆச்சு. இப்பதான் ரூமுக்கு வந்தேன்

[6:42] அம்மா: சந்தோஷம் தம்பி. சாப்பிட்டியா? அங்க மணி என்ன

[6:42] சின்ன மாமா: ராத்திரி 9 தாண்டிருச்சு அக்கா. வீட்லேர்ந்து தயிர்சாதம் கொண்டாந்தேன், அதான் சாப்பாடு

[6:44] தங்கச்சி: என்ன போட்டி மாமா? செஸ்ஸா?

[6:47] சின்ன மாமா: செஸ் இல்லம்மா, போர் விளையாட்டு. நிஜமா நடந்த போரோட வரைபடத்தைப் பலகையா விரிச்சு, அது மேல அட்டைக் காய் வச்சு, பகடை உருட்டி ஆடுறது. நான் ஆடுறது ஆஃப்ரிகா கோர், ரெண்டாம் உலகப் போர்ல வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல நடந்த சண்டை. 1964ல பால்டிமோர்ல அவலான் ஹில்ங்கிற கம்பெனி போட்டது. எனக்கு 2 வயசு அப்ப

[6:47] சின்ன மாமா: 📷 படம்

[6:49] நான்: இந்த ஆறு மூலைக் கட்டமெல்லாம் எதுக்கு மாமா? தேன்கூடு மாதிரி இருக்கு

[6:51] சின்ன மாமா: சதுரக் கட்டத்துல குறுக்கே போனா தூரம் தப்பா வரும். அறுகோணத்துல எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரே தூரம். இடது ஓரத்துல லிபியா, எல் அகைலா. வலது ஓரத்துல எகிப்து, அலெக்சாண்ட்ரியா. நடுவுல கடலோரமா டோப்ருக். 1941 ஏப்ரல்ல ஆரம்பம். ஒரு முறை ஆடினா அரை மாசம் ஓடிப்போச்சுன்னு கணக்கு. மொத்தம் 38 முறை

[6:52] தங்கச்சி: இதுக்குன்னு தனியா ஒரு போட்டியா 😮

[6:56] சின்ன மாமா: இது ஒண்ணுதான்னு நினைக்காத. செவன் ஸ்பிரிங்ஸ்னு பென்சில்வேனியா மலையில ஒரு இடம், குளிர்காலத்துல பனிச்சறுக்கு நடக்கும். ஜூலை கடைசியில ஒன்பது நாள் பூரா பலகை விளையாட்டுதான். நூத்துக்கும் மேல போட்டி இருக்கு. 1991ல அவலான் ஹில்லே ஆரம்பிச்சு வச்ச கூட்டம் இது. 1998ல கம்பெனி கைமாறிப் போச்சு. அதோட முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆடுறவங்களே ஒரு சங்கம் வச்சு 1999லேர்ந்து எடுத்து நடத்துறாங்க. பரிசுப் பணம் எல்லாம் கிடையாது. ஜெயிச்சா ஒரு மரப்பலகை, மாட்டி வச்சுக்கலாம். அந்தப் பலகைக்கு வருஷம் பூரா பயிற்சி எடுக்கிற ஆளுங்க இருக்காங்க. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும்

[6:58] பெரிய மாமா: காலை வணக்கம். படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் காய் கம்மியா இருக்கே, சமமா இல்லையே?

[7:00] சின்ன மாமா: ஆமா அண்ணே. ஜெர்மன் பக்கம் காய் கம்மி, ஆனா ஒவ்வொண்ணும் பலம். பிரிட்டிஷ் பக்கம் சின்னச் சின்னக் காயா நிறைய வந்துக்கிட்டே இருக்கும்

[7:01] பெரிய மாமா: அப்ப இது ஆடுபுலி ஆட்டம்டா

[7:01] பெரிய மாமா: 3 புலி, 15 ஆடு. கோயில் மண்டபத் தரையில கீறி வச்சிருப்பாங்களே. நீ எப்பவும் ஆடுதான் எடுப்ப

[7:04] சின்ன மாமா: அதேதான் அண்ணே!! இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணல பாருங்க. ஒரே ஒரு வித்தியாசம். இந்தப் புலிக்குப் பசிக்கும். பாயணும்னா சப்ளை காய் ஒண்ணைச் செலவழிக்கணும். அது இத்தாலிலேர்ந்து கடல் தாண்டி வரணும். வருதா, வழியில மூழ்குதான்னு ஜெர்மன் ஆட்டக்காரர் பகடை போட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். நிஜத்துலயும் ஜெர்மன் தளபதி ரோம்மலுக்கு அதான் தலைவலி. மால்ட்டா தீவுலேர்ந்து பிரிட்டிஷ்காரங்க கிளம்பிப் போய்க் கப்பலைக் கப்பலா மூழ்கடிச்சாங்க

[7:05] பெரிய மாமா: பசியில புலி நின்னா ஆடு சேர்ந்து அடைச்சிரும்

[7:05] சின்ன மாமா: அதுக்குத்தான் காலம் வேணும். ஆடு ஒவ்வொண்ணா வழியில நின்னு காலம் கடத்தணும்

[7:09] சித்தி: நான் ஒண்ணு கேட்கட்டுமா அண்ணா. கோவிச்சுக்காதீங்க

[7:09] சின்ன மாமா: கேளும்மா

[7:12] சித்தி: டோப்ருக்னு அப்பா வாயால கேட்டிருக்கேன். எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். வேற எதுவும் சொன்னதில்ல, அந்தப் பேர் மட்டும். அப்பா கண்ணிவெடி எடுத்த ஊரைப் பலகையில வச்சு விளையாடுறீங்க. ஜெயிச்சேன்னு போடுறீங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு

[7:13] அம்மா: விடுடி

[7:14] சித்தி: இல்லக்கா, மனசுல பட்டதைக் கேட்டேன்

[7:15] சின்ன மாமா: கேட்டது சரிதான். ரெண்டு நிமிஷம் குடு, முழுசா எழுதுறேன்

[7:17] நான்: தாத்தா அங்க இருந்தாரா?? எனக்கு இதுவே தெரியாது

[7:19] பெரிய மாமா: மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூர் அல்சூர்லதான் அவங்க தலைமையிடம், இன்னிக்கும் அங்கதான். ராணுவத்துல அவங்களுக்குச் செல்லப்பேர் 'தம்பி'. வடநாட்டு சிப்பாயும் தம்பின்னுதான் கூப்பிடுவான். பாலம் போடுறது, பாதை போடுறது, வெடி எடுக்கிறது எல்லாம் அவங்க வேலை. காலாட்படைக்கு முன்னாடி தரையில முட்டி போட்டுப் போறவங்க

[7:21] அம்மா: புதுசா கிளறின மண்ணுல அப்பா கால் வைக்கவே மாட்டாரு. தெருவுல குழாய் போடத் தோண்டி மூடினா மண்ணு இறுகற வரைக்கும் அடுத்த தெரு வழியா சுத்தித்தான் வருவாரு. ஒரு நாளும் காரணம் சொன்னதில்ல. எங்களையும் அதுல நடக்க விட்டதில்ல

[7:22] தங்கச்சி: 🥺

[7:29] சின்ன மாமா: சொல்றேன். இன்னிக்கு எனக்கு பிரிட்டிஷ் பக்கம். அதுல இந்திய பிரிகேடுகளுக்கும் காய் உண்டு. அரை அங்குல அட்டை. ஒரு பிரிகேடுன்னா மூவாயிரம் பேருக்குக் குறையாது. ஆட்டம் பாதி தாண்டினப்ப எதிராளி டோப்ருக்கைச் சுத்தி வளைச்சிட்டு எகிப்து எல்லைக்கு வந்துட்டார். ஹல்ஃபாயா கணவாய்ல யாராவது ஒருத்தரை நிறுத்தினா எனக்கு அரை மாசம் கிடைக்கும். நிறுத்தின காய் திரும்பி வராது. பக்கத்துல இருந்தது ஒரே ஒரு இந்திய பிரிகேடு

[7:30] சின்ன மாமா: ஆஃப்ரிகா கோர் ஆடுற யாருக்கும் இது சாதாரணம். யோசிக்காம வச்சுட்டுப் போவாங்க. எனக்குக் கை வரல. அஞ்சு நிமிஷம் காயை விரல்ல வச்சிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்

[7:31] சித்தி: அப்புறம்?

[7:36] சின்ன மாமா: வச்சேன். நிஜத்துல நடந்தது அதான். 1941 ஜூன்ல அதே கணவாய்ல ஒரு இந்திய பிரிகேடை ஜெர்மன் 88 மில்லிமீட்டர் பீரங்கிக்கு எதிரே மேல ஏறச் சொன்னாங்க. அந்த இடத்துக்கு சிப்பாய்ங்க வச்ச பேரு நரக நெருப்புக் கணவாய். 1941 ஏப்ரல்ல லிபியாவுல மெக்கிலில ஒரு இந்திய மோட்டார் பிரிகேடு நின்னு அழிஞ்சது. அவங்க நின்ன நாள்லதான் ஆஸ்திரேலியாக்காரங்க டோப்ருக் கோட்டைக்குத் திரும்ப முடிஞ்சது. 1942 ஜூலை 1, எகிப்துல அலமெய்ன் கிட்ட டெயிர் எல் ஷெய்ன்னு ஒரு இடம், 18வது இந்திய பிரிகேடு சாயங்காலம் வரைக்கும் ரோம்மலை நிறுத்தி வச்சது. ராத்திரிக்குள்ள அந்தப் பிரிகேடே இல்ல. ஆனா ரோம்மலுக்கு ஒரு நாள் போச்சு

[7:38] சின்ன மாமா: புஸ்தகத்துல இதெல்லாம் ஒரே ஒரு வரி. "தாமதப்படுத்தின பின் அழிந்தது." நான் எத்தனையோ தடவை படிச்சு, தாண்டிப் போயிருக்கேன். இன்னிக்கு அந்த வரியை என் கையால வைக்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு ஜெனரல் கூடாரத்துல உட்கார்ந்து இதைத்தான் பண்ணியிருக்கான், அந்தக் காய்க்குள்ள நம்ம அப்பா மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க. எனக்கு இதை வேற யாரும் வேற எப்படியும் புரிய வச்சதில்லம்மா. விளையாட்டா எடுத்துக்கறதுக்காக ஆடல நான்

[7:40] பெரிய மாமா: எதிராளி ஒண்ணும் சொல்லலையா, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தா?

[7:43] சின்ன மாமா: எழுபத்தஞ்சு வயசு மனுஷன் அண்ணே. இவங்களை இங்க கிராக்னார்டுன்னு சொல்வாங்க. பிரெஞ்சு வார்த்தை, முணுமுணுக்கிறவன்னு அர்த்தம். நெப்போலியன் தன்னோட பழைய காவல்படைக்காரங்களை அப்படிக் கூப்பிடுவானாம். என்ன ஆச்சுன்னு கேட்டார், அப்பாவைப் பத்திச் சொன்னேன். அவங்க அப்பா இத்தாலியில சண்டை போட்டவராம். பகடையைக் கீழ வச்சிட்டார். காபி குடிச்சிட்டு வந்துதான் உருட்டினார்

[7:44] அம்மா: நல்ல மனுஷன்

[7:45] நான்: அந்தக் காய் போயிருச்சா மாமா?

[7:46] சின்ன மாமா: போயிருச்சு. அடுத்த முறை அவருக்கு சப்ளை மூழ்கிருச்சு. அதுலதான் ஜெயிச்சேன்

[7:52] சித்தி: சரிண்ணா. புரியுது. இன்னும் எனக்கு முழுசா ஒப்பல, ஆனா நீங்க அதை அப்பாவா நினைச்சு வச்சீங்கன்னு தெரிஞ்சது போதும்

[7:53] சின்ன மாமா: அது போதும்மா

[7:55] தங்கச்சி: தாத்தா இருந்தது எந்தப் படைப்பிரிவுன்னு தெரியுமா? அந்தக் காய் தாத்தாவோடதுதானா?

[7:57] சின்ன மாமா: காய்ல பிரிகேடு மட்டும்தான் இருக்கும். சாப்பர்ஸ் கம்பெனி மாதிரி சின்னப் பிரிவெல்லாம் அதுல காட்ட முடியாது, கண்ணிவெடியும் பலகையில கிடையாது. அப்பாவோட வேலையே அந்த விளையாட்டுல இல்ல. எனக்கு அது ஒரு குறைதான். எந்தப் பிரிவுன்னு அண்ணனுக்குத் தெரியுமா?

[7:58] பெரிய மாமா: பரண்ல தகரப் பெட்டி இருக்கு. அதுல அவரோட டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கணும். சித்தி வீட்லதான் இருக்கு பெட்டி

[7:59] சித்தி: இருக்கு. பையன் எந்திரிக்கட்டும், இறக்கச் சொல்றேன்

[8:01] அம்மா: ஏணி ஆடும், பார்த்து

[8:40] சித்தி: 📷 படம்

[8:40] சித்தி: 📷 படம்

[8:41] சித்தி: கரையான் ஓரத்தை அரிச்சிருக்கு. எழுத்து தெரியுதா பாருங்க. 12னு இருக்கு, அப்புறம் ஏதோ கம்பெனி

[8:44] சின்ன மாமா: 12 ஃபீல்டு கம்பெனி

[8:44] சின்ன மாமா: அது 4வது இந்திய டிவிஷன்! பல பிரிகேடு சேர்ந்தாதான் ஒரு டிவிஷன்

[8:47] சின்ன மாமா: சித்தி போட்ட ரெண்டாவது படத்துல எம்.இ.எஃப்.னு முத்திரை பாருங்க எல்லாரும். மிடில் ஈஸ்ட் ஃபோர்சஸ். 4வது டிவிஷன் பாலைவனம் பூரா நடந்த பிரிவு. கடைசியில டுனீசியாவுல 1943 மே 12, ஜெர்மன் ஜெனரல் வான் ஆர்னிம் சரணடைஞ்சது அவங்ககிட்டதான்

[8:48] பெரிய மாமா: அப்பா அதுல இருந்தாரா?

[8:49] சின்ன மாமா: தேதி இருக்கிற பக்கத்தைப் பார்த்தாத்தான் தெரியும் அண்ணே

[8:50] அம்மா: நீ தூங்கு முதல்ல. மணி 11 தாண்டிருச்சு அங்க. நாளைக்கு ஆடணும்ல

[8:51] சின்ன மாமா: காலை 9 மணிக்கு அக்கா. நாளைக்கு எனக்கு ஜெர்மன் பக்கம் வந்திருக்கு

[8:53] சித்தி: அண்ணா, கடைசி நாலஞ்சு பக்கம் ஒட்டிக்கிச்சு. உள்ள மை தெரியுது. மெதுவா பிரிக்கட்டுமா?

[8:53] சின்ன மாமா: வேண்டாம் வேண்டாம். அப்படியே வெள்ளைத் துணியில சுத்தி பீரோல வை. பரண்ல திரும்ப ஏத்தாத. டிசம்பர்ல நான் வரேன், கூட உட்கார்ந்து பிரிப்போம்