புதுப்பிப்பு: டி-34/85-க்குக் குளிர்கால வெள்ளை

போன முறை 1/35 அளவு டி-34/85 மாடலை (இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கி) பச்சை அடித்து நிறுத்தியிருந்தேன். அதன் மேல் அடிக்கும் குளிர்கால வெள்ளையை, தேய்ந்து போனது மாதிரி எப்படி உரிப்பது என்று சிலர் கேட்டீர்கள். ஹேர்ஸ்ப்ரே வழிதான். பச்சைக்கு மேல் வார்னிஷ், காய்ந்ததும் ஹேர்ஸ்ப்ரே, அதன் மேல் அக்ரிலிக் வெள்ளை. அப்புறம் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளை மட்டும் பெயர்ந்து வருகிறது.

எங்கே தேய்ப்பது என்பதுதான் விஷயம். வீரர்கள் ஏறி இறங்கும் இடங்கள், ஹேட்ச் (உள்ளே போகும் திறப்பு) ஓரங்கள், ஓட்டுநர் மூடியைச் சுற்றி நன்றாகவே தேய்த்தேன். டரட் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதி) பக்கவாட்டை அதிகம் தொடவில்லை. சோவியத் படையினர் அடித்தது பனிக்காலத்துக்கான தற்காலிகப் பூச்சு. உரிந்த இடத்தில் பச்சைதான் தெரிய வேண்டும், துரு இல்லை. கண்ட இடத்திலெல்லாம் ஆரஞ்சுத் துரு பூசுவது எனக்குப் பிடிக்காது. பின்பக்க எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அந்தச் சூட்டுக்குத் துருப்பிடிக்கும். அடுத்து டிராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) சேறு: பிக்மென்ட் (நிறமி) பொடியும் பிளாஸ்டரும் கலந்து.