நம்ம வீட்டுக் குழு, நேற்று இரவு

தம்பி: அக்கா, கோர்ட் வேலை முடிந்ததா? ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

நான்: இப்போதுதான் ஆழ்வார்பேட்டையில் பஸ் ஏறினேன். சொல்லு.

தம்பி: சென்னையில் ஒரு லா ஃபர்மில் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பார்ட்னர்கள், 22 வக்கீல்கள். மாதம் 18,000. இங்கே பாளையங்கோட்டையில் ஒரு சீனியர் வக்கீலும் வரச் சொல்கிறார். எதில் சேரட்டும்?

சித்தி: இங்கேயே இருக்கட்டும். அவனுக்கு ஒரு ரசம் வைக்கக்கூடத் தெரியாது.

பெரியப்பா: 18,000 எப்படி? 2024 ஜூனில் ஹைகோர்ட் உத்தரவு போட்டு, வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டதே. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு 20,000, மற்ற ஊர்களில் 15,000. அதற்குக் குறையக் கூடாது.

நான்: ஆமாம் பெரியப்பா. தம்பி, இதை நேரிலேயே கேள். நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில் மாதம் 8,000. அதிலும் மூன்று மாதம் வரவே இல்லை. கேட்கக் கூச்சப்பட்டேன். அப்பாவிடம் மட்டும் சொல்லி ஹாஸ்டல் வாடகை கட்டினேன். அந்தக் கூச்சம் உனக்கு வேண்டாம்.

அம்மா: என்னிடம் யாரும் சொல்லவில்லையே.

நான்: நீ வருத்தப்படுவாய் என்றுதான் அம்மா. இப்போது ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது.

தம்பி: பெரிய ஃபர்முக்கே முயற்சி செய்யலாமா?

நான்: செய்யலாம். சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் என்னுடன் படித்தவள் அங்கே ஒன்றரை வருடமாக ஒப்பந்தங்களை மட்டும்தான் சரிபார்க்கிறாள், கோர்ட் வாசலை மிதிக்கவில்லை. எங்களைப் போன்ற நடுத்தர ஃபர்மில் ஆள் குறைவு. அதனால் ஒரு வழக்குக் கட்டு முழுவதும் உன் கையில் வந்துவிடும். சாயங்காலம் காஸ் லிஸ்ட் (மறுநாள் வழக்குப் பட்டியல்) பார்ப்பது, டிராஃப்ட் போடுவது, ஃபைலிங், கோர்ட் குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் (ரிட்டர்ன்) சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது, சீனியர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் எழுந்து நின்று, வழக்கைச் சற்று நேரம் கழித்துக் கூப்பிடும்படி (பாஸ் ஓவர்) கேட்பது, எல்லாம் நீதான்.

பெரியப்பா: ரிட்டர்ன் எதற்காகப் போடுகிறார்கள் என்று படிப்பவன்தான் தேறுவான். முன்சீப் கோர்ட்டில் 31 வருஷம் பார்த்தவன் சொல்கிறேன்.

நான்: நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் குமாஸ்தா அண்ணன்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.

நான்: போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கட்சிக்காரர் பெயர் சொல்ல முடியாது. வணிக வழக்கு, எங்கள் கட்சிக்காரர் பிரதிவாதி. சம்மன் சில மாதங்களுக்கு முன் 20ஆம் தேதி வந்ததாகச் சொன்னார். தாமதமாகத்தான் எங்களிடம் வந்தார். எதிர்வழக்குரை (நம் தரப்பு எழுத்துப் பதில்) போட, சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், அதற்கு மேல் காரணம் சொல்லி மனுப் போட்டால் 120 நாள் வரை. 121ஆம் நாள் போனால் நீதிபதியே நினைத்தாலும் வாங்க முடியாது. இன்னும் ஒன்றரை வாரம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. சம்மன் வந்த உறையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். உறை வந்து சேர்ந்த நாளின் தபால் முத்திரை பாதி அழிந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் 12ஆம் தேதி.

பெரியப்பா: கையில் கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணினாயா?

நான்: விட்டுவிட்டுத்தான் எண்ணினேன், காலண்டரில் விரல் வைத்து மூன்று தடவை. 120ஆம் நாள் அந்த வெள்ளிக்கிழமை. உடனே பார்ட்னருக்கு ஃபோன் செய்தேன். கைகள் நடுங்கின. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, “உறையை எனக்கும் அனுப்பு, நாளை காலை ஏழு மணிக்கு வா” என்றார். இரண்டு இரவு உட்கார்ந்து, வியாழக்கிழமையே தாக்கல் செய்தோம், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு. அம்பத்தூரில் சின்ன பட்டறை வைத்திருப்பவர் அவர். அவர் தரப்பைச் சொல்லும் வாய்ப்பே போயிருக்கும்.

தம்பி: அப்போ ஃபர்முக்கே வந்துவிடவா?

நான்: நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வார்த்தையை நம்பி வராதே. அங்கே இரண்டு வருடம் முடித்த ஜூனியரைத் தனியாகப் பார்த்துக் கேள்: கடைசியாக எப்போது கோர்ட்டில் பேசினாய், சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, டிராஃப்டைத் திருத்தும்போது கூட உட்கார வைப்பார்களா என்று. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். திருத்திய பிரதி மட்டும் கையில் வந்தால் என்ன கற்றுக்கொள்ள முடியும்? அப்புறம், பாளையங்கோட்டை சீனியர் உன்னை விசாரணையில் சாட்சிகளிடம் குறுக்கு விசாரணை செய்ய விடுவார் என்றால், அங்கேயே இரு. அது சென்னையில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சித்தி: நீ சொன்னால் சரி அம்மாடி. அவன் வக்கீலாகப் பதிவு செய்யக் கட்டணம் எவ்வளவு கட்ட வேண்டும்?

நான்: 2024இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது சித்தி. சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பதிவு செய்து இரண்டு வருடத்துக்குள், புது வக்கீல்களுக்கான பார் தேர்வும் எழுதித் தேற வேண்டும்.

தம்பி: வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். சனிக்கிழமை அந்த ஃபர்மில் பேசிவிட்டு, ஞாயிறு உன்னோடு இருக்கலாமா?

அம்மா: ஞாயிற்றுக்கிழமையாவது நீ வீட்டில் இருப்பாயா?

நான்: மதியத்துக்கு மேல் இருப்பேன் அம்மா. காலையில் ஒரு மேல்முறையீட்டு டிராஃப்ட் முடிக்க வேண்டும். தம்பியையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.