எம்போலோ செய்தது சரியா? (அக்காட மகனுக்கு என்ன பதில் சொல்ல?)

உப்புவெளி_மாமா:
அக்காட மகனுக்குப் பதினைஞ்சு வயசு. சுவிஸில, பாசல் நகரத்தில பிறந்தவன், அங்க கால்பந்துக் கிளப் ஒண்டில லெஃப்ட் விங் ஆடுறான். போன கிழமை கதைக்கேக்க, "மாமா, நான் ஸ்ரீலங்காவுக்கு ஆடேலுமா?" எண்டு கேட்டான். அண்டையிலிருந்து வீட்டில சண்டை. அத்தான் "வளர்த்துவிட்ட நாடு சுவிஸ்" எண்டுறார். இங்க திருமலையில இருக்கிற அம்மம்மா "எங்கட பிள்ளை எங்கட நாட்டுக்குத்தான்" எண்டுறா.

எனக்கு உடன ஞாபகம் வந்தது சுவிஸ் அணிக்கு ஆடுற பிரீல் எம்போலோ. 1997இல கமரூனில, யவுண்டேயில பிறந்தவர். சின்ன வயசில தாயோட பிரான்சுக்குப் போய், பிறகு பாசலுக்கு வந்தவர். 2014 கடைசியில சுவிஸ் குடியுரிமை. 2022 உலகக் கிண்ணத்தில சுவிஸுக்கு முதல் மெச்சே கமரூனோட. 48ஆவது நிமிஷம் சுவிஸ் வீரர் ஷகிரி வலப்பக்கத்தால தாழ்வா விட்ட பந்து, எம்போலோ தனிய நிண்டு அடிச்சார். 1-0. அதுதான் வெற்றிக் கோல். சரியா, பிழையா? மனசில உள்ளதைச் சொல்லுங்கோ.

பழைய_கோலி:
பிழை. அந்த மெச்சை நான் முழுக்கப் பார்த்தனான், எங்கட நேரம் பின்னேரம் மூண்டரைக்குத் தொடங்கினது. கோல் அடிச்சிட்டு ஓடேல்லை, குதிக்கேல்லை, ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டார். மற்றவங்கள்தான் ஓடிவந்து கட்டிப்பிடிச்சவங்கள். எல்லாரும் "என்ன பண்பு" எண்டு புகழ்ந்தினம். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வயிறு எரிஞ்சது. சொந்த வீட்டுக்குக் கல்லெறிஞ்ச பிள்ளையின்ட முகம் அது. கமரூன் ஒண்டும் விலாசம் இல்லாத ரீம் இல்லை. 1990இல கால் இறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடு. முப்பத்தெட்டு வயசில ரொஜர் மில்லா ஆடின ரீம்.

பாசல்_வாசி:
கோலி அண்ணன், நான் உங்களோட திருமலை மக்கெய்சர் மைதானத்தில ஆடினவன், இப்ப இருபது வருசமா இங்க. ஒண்டு கேக்கிறன். ஆறு வயசுப் பிள்ளையைத் தாய் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தால், அவன் எதை விட்டிட்டு ஓடினவன்? அவனைப் பந்தடிக்கப் பழக்கினது பாசல். பதினேழு வயசு முடிஞ்சு ஒரு மாசத்தில முதல் அணியில இறக்கினது பாசல். 2016இல ஜெர்மனியில கணுக்கால் உடைஞ்சு கனகாலம் கிடந்தார். 2023இல முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ரெண்டையும் தாண்டி வந்து, 2024 யூரோ கிண்ணத்தில இங்கிலாந்துக்கு எதிராக் கோல் அடிச்சார். ஒவ்வொரு முறையும் காத்துக்கொண்டு நிண்டது சுவிஸ் சேர்ட்.

இன்னொண்டு. அண்டைக்குக் கமரூனுக்கு முன்வரிசையில ஆடின சூப்போ-மோட்டிங் எங்க பிறந்தவர்? ஹம்பேர்க்கில. ஜெர்மனிக்கு 21 வயசுக்குட்பட்ட அணியில ஆடிப்போட்டுத் தகப்பன்ட நாட்டுக்கு வந்தவர். அவரை என்னெண்டு சொல்லுவீங்கள்?

பழைய_கோலி:
அவரைப் பிள்ளை எண்டு சொல்லுவன். வேரைத் தேடி வந்தவர்! நான் கேக்கிறதும் அதுதானே. சுவிஸுக்கு ஆடுற, கொசோவோ அல்பேனியக் குடும்பத்துப் பிள்ளையள் ஷகிரி, ஷாக்கா ரெண்டு பேரையும் பாருங்கோ. 2018 உலகக் கிண்ணத்தில சேர்பியாவுக்கு எதிராக் கோல் அடிச்சவுடன கையைக் கோத்து அல்பேனியக் கழுகைக் காட்டினவங்கள். ஃபிஃபா ஆளுக்குப் பத்தாயிரம் பிராங்க் தண்டம் அடிச்சது. சேர்ட் சுவிஸ், நெஞ்சு வேற. பிறகேன் அந்த சேர்ட்?

பாசல்_வாசி:
நெஞ்சில ரெண்டுக்கு இடம் இருக்கு, அண்ணன். 2016 யூரோவில ஷாக்கா சகோதரங்கள் ரெண்டு பேரும் எதிரெதிரா ஆடினவங்கள், கிரனிட் சுவிஸுக்கு, தௌலந்த் அல்பேனியாவுக்கு. தாய் பாதி சுவிஸ் கொடி, பாதி அல்பேனியக் கொடி போட்ட சேர்ட்டோட வந்திருந்தவ. அந்தத் தாயிட்டப் போய் "எது உன்ட உண்மையான பிள்ளை?" எண்டு கேப்பீங்களா?

கிண்ணியா_றைட்பெக்:
ரெண்டு பேரும் மேல நிண்டு கதைக்கிறீங்க. நான் இங்க பின்னேரத்தில பெடியன்களைப் பழக்கிறவன். ஒரு சோடி பூட்ஸை ரெண்டு பேர் பிரிச்சுப் போட்டு ஆடினதைப் போன மாசமும் கண்டன். வலக்கால்காரனுக்கு வலது, இடக்கால்காரனுக்கு இடது, மற்றக் கால் வெறுங்கால். நிலத்தில கல்லு. அடுத்தநாள் அதில ஒருத்தன் பள்ளிக்கு நொண்டிக்கொண்டு போறான்.

2024 செப்டம்பரில கம்போடியாவை பெனால்ட்டியில வெண்டு ஆசியக் கிண்ணத் தகுதிகாணில அடுத்த சுற்றுக்குப் போனோம். நானும் கத்தினேன், பொய் சொல்லேல்ல. அந்த அணியில வெளிநாட்டில பிறந்து வளர்ந்த ஆக்களும் இருந்தாங்க, நல்லா ஆடினாங்க. ஆனா எனக்குப் பக்கத்தில இருந்து மெச் பார்த்த பெடியன் ஒருத்தன் கேட்டான்: "சேர், எங்களை எப்ப வந்து பார்ப்பாங்க?" எம்போலோ ஆருக்கு ஆடினாலும் எனக்குக் கவலையில்ல. அவரை வளர்த்த மாதிரி ஒரு இடம் இங்க இருக்கா? வளர்க்காத நாடு "ஏன் வரேல்ல" எண்டு கேக்க ஏலாது.

பழைய_கோலி:
றைட்பெக், நீர் சொல்லுறதில ஞாயம் இருக்கு, அதுக்காக நான் சொன்னதை மாத்தமாட்டன். நாங்கள் உடைஞ்சு கிடந்தபடியால்தான் வரச் சொல்லுறன். நல்லா இருக்கிற வீட்டுக்கு ஆரும் வருவினம்.

பாசல்_வாசி:
மாமா, சட்டத்தையும் சொல்லிவிடுறன், பிள்ளை இப்பவே குழம்பத் தேவையில்லை. அம்மம்மா இலங்கையில பிறந்தவ எண்டால் அந்த வழி திறந்திருக்கும், ஆனா இலங்கைக் குடியுரிமை கையில வேணும். வயது அணிகளில சுவிஸுக்கு ஆடினாலும் பிறகு மாறலாம், சூப்போ-மோட்டிங் மாதிரி. பெரிய அணியில சிநேகபூர்வ மெச் ஆடினாலும் கதவு மூடாது. டியேகோ கொஸ்டா பிரேசிலுக்கு ரெண்டு ஆடிப்போட்டு ஸ்பெயினுக்கு ஆடினவர். அவனுக்கு இன்னும் காலம் கிடக்கு.

உப்புவெளி_மாமா:
எல்லாருக்கும் நன்றி. அத்தானுக்கும் அம்மாக்கும் இதை அப்பிடியே வாசிச்சுக் காட்டினன். அம்மா கேட்டது ஒண்டுதான்: "அந்தப் பெடியனுக்குக் கல்லு குத்தேல்லையாமா?" ஆடி மாச லீவுக்கு மருமகன் வாறான்.

கிண்ணியா_றைட்பெக்:
வந்தா பின்னேரம் நாலரைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. லெஃப்ட் விங் எண்டீங்க, எங்களுக்கும் அந்தப் பக்கத்தில ஆள் குறைவு. அவனுக்குச் சின்னதாப் போன பூட்ஸ் இருந்தா எறியாமக் கொண்டுவரச் சொல்லுங்க.

பழைய_கோலி:
நானும் வாறன். அவனிட்ட ஒரு வார்த்தையும் கேக்கமாட்டன். கோலில நிண்டு ரெண்டு பந்து பிடிச்சுப் பார்க்கிறன்.